கப்பலேறாத காதர் பாய்

பம்பாயிலிருந்து தந்தி வந்தபோது நான் தட்டச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் கறுப்பு மை. தந்திக்காரர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். பிரித்துப் பார்த்தேன். காதர் மைதீன் இன்று காலை காலமானார், அடக்கம் இன்றே இங்கே, மனைவி நலம் என்று ஆங்கிலத்தில் சில சொற்கள். வாசித்துவிட்டு அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இது எங்களுக்கு வந்தது இல்லைங்க" என்றேன். அவர் என் முகத்தையும் கடைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "விலாசம் சரியாத்தானேண்ணே இருக்கு" என்று சொல்லி, தந்தியை மறுபடியும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பயணத்தில் எது கெட்டுப்போனாலும் முதலில் உட்கார வேண்டும் என்பது காதர் பாயின் சட்டம். நான் உட்காரவில்லை. கடையைப் பூட்டவில்லை, செருப்பைத் தேடவில்லை, சைக்கிளை எடுத்து அவர் மகள் வீட்டுக்கு மிதித்தேன். அந்தப் பெண் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "அத்தாவுக்கு என்ன மாமா?" என்றாள். வழியெல்லாம் மை படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டுவிட்டாள்.

காதர் பாயை அறிந்த நீங்கள் கண்டனூரில் இருக்கிறீர்கள், பினாங்கில் இருக்கிறீர்கள், கொழும்பில் இருக்கிறீர்கள். அழகாக அஞ்சலி எழுதும் ஆள் நான் இல்லை. பிறருடைய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தே பழகிய கை இது. இருந்தும் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி ரயிலடிக்குப் போகும் பாதையில் கப்பல் டிக்கட் வாங்கித் தரும் சிறிய கடை எங்களுடையது. மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை என்று எங்கே போவதானாலும் செட்டியார்களும் ராவுத்தர்களும் தோட்டத்து வேலைக்காரர்களும் எங்களிடம்தான் வருவார்கள். கடை அவருடையது. நான் சிங்கம்புணரிப் பக்கம் வெள்ளாமைக் குடும்பத்திலிருந்து தட்டச்சு படித்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எத்தனையோ பேரைக் கப்பலேற்றி அனுப்பிய அந்த மனிதர் தாம் ஒரு நாளும் கப்பலில் கால் வைத்ததில்லை. கேட்டால் "கடைய யாரு பாக்குறது? உங்கள நம்பி விட்டுட்டுப் போனா வர்றவுகளோட சண்டை போட்டே கடைய மூடிப்புடுவீக" என்பார்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. நான் பதறுகிற ஆள். யாராவது கத்தினால் கூடச் சேர்ந்து கத்துவேன். அவரோ, பயணம் கெட்டுப்போய்ப் பதறி வருகிறவர்களுக்கென்று கடைக்குள் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தார். வந்தவர் என்ன சொன்னாலும் முதல் பதில் "உக்காருங்க" என்பதுதான். உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கமாட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "அங்குட்டு யாரு காத்திருக்கா?" இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவருக்கு நிலைமை தெரியும், அந்தப் பக்கம் காத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே முதலில் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. தந்தி போன பிறகுதான் அடுத்த கப்பல் எப்போது, பணம் திரும்ப வருமா என்ற பேச்செல்லாம்.

ஒருமுறை என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சிங்கம்புணரிக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டியதும் டயர் வெடித்து பஸ் படுத்துவிட்டது. நான் இறங்கிக் கண்டக்டரைப் பிடித்து உலுக்காத குறை. பாய் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். "ராமையா, டயரக் கண்டக்டரா தின்னுபுட்டாரு? இங்குட்டு வாங்க. வீட்டுல யாரு எதிர்பார்த்துக்கிட்டிருக்கா?" என்றார். அப்பா என்றேன். அந்தப் பக்கம் போன ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, சிங்கம்புணரிக் கடைத்தெருவில் எங்கள் உறவினர் டீக்கடைக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வாயில் சோறு வைத்தார். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அப்பாவோடு உட்கார்ந்து நெல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போயிருக்க வேண்டிய சம்பந்தம் அது.

ஆனால் எல்லாம் அப்படி நல்லபடியாக முடிந்த கதைகள் இல்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழியில் இலங்கைக்குப் போகும் வழியே இல்லாமல் போனது. கடைக்குள் நிற்க இடமில்லை. ஒருவர் மேசையை ஓங்கி அறைந்து, கொழும்பில் தன் மனைவிக்குப் பேறுகாலம் என்று அலறினார். நானும் பதிலுக்கு அலறினேன், கடலை நான்தான் ஏவிவிட்டவன் மாதிரி என்னைக் கேட்கிறாரே என்று. பாய் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீங்க உசுரோட இருக்கீகளான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? புயல் சேதி அங்குட்டும் போயிருக்கும்ல?" என்று கேட்டார். அந்த மனிதர் அதை நினைத்தே பார்க்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று முழுவதும் எங்கள் கடையிலிருந்து தந்தி ஆபீசுக்கு ஆள் போய்க்கொண்டே இருந்தது.

கண்டனூர் ஆச்சியின் விஷயத்தை எழுதாமல் இதை முடிக்க முடியாது. அவர் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கணவர் பினாங்கில், செட்டியார்கள் கூடி இருந்து வட்டித்தொழில் செய்யும் கிட்டங்கியில் தங்கித் தொழில் பார்த்தவர். அங்கே படுத்த படுக்கையாகிவிட்டார் என்று சேதி வந்ததும் ஆச்சி தாமே புறப்படுவது என்று முடிவு செய்தார். நாகப்பட்டினத்தில் கப்பல். நல்ல நேரம் பார்த்து, சகுனம் பார்த்து, வாசல்படி தாண்டித் தம்பியோடு காரில் காரைக்குடிக்கு வந்து எங்கள் கடை முன்னால் இறங்கினார். அதற்குச் சற்று முன்புதான் கப்பல் புயலில் சிக்கித் தாமதம், எப்போது வரும் என்று தெரியாது என்ற தகவல் எங்களுக்கு வந்திருந்தது.

கண்டனூர் என்ன பெரிய தூரமா, வீட்டுக்குத் திரும்பிப் போய் இருந்துகொள்ளலாம் என்றார் தம்பி. ஆச்சி மறுத்துவிட்டார். நல்ல நேரத்தில் புறப்பட்ட பயணம் பாதியில் வீடு திரும்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். "அவுக அங்க படுத்துக் கெடக்கையில, படி தாண்டுன காலத் திருப்பிக் கொண்டுபோய் அந்த வீட்டுல வைக்க மாட்டேன்" என்றார். காரைக்குடியிலேயே பங்காளி வீடு ஒன்றில் தங்கினார். பெட்டியை அங்கேகூடக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. பயணப் பெட்டி கப்பலை நோக்கியே இருக்க வேண்டும் என்று எங்கள் கடையில் வைத்தார். காலையில் வந்து பெஞ்சில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்வார், பொழுது சாய்ந்ததும் எழுந்து போவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கப்பல் வந்தால் ஆள் அனுப்பமாட்டோமா?

பாய் அன்றைக்கே செய்த வேலை, பினாங்குக்குத் தந்தி கொடுத்ததுதான். ஆச்சி புறப்பட்டுவிட்டார், கப்பல்தான் தாமதம் என்று. மறுநாள் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையிடமிருந்து பதில் வந்தது. செட்டியாருக்கு வாசித்துக் காட்டினோம், கேட்டுக்கொண்டார் என்று. அதை ஆச்சிக்குத் தமிழில் சொன்னபோது அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

கப்பல் வரவில்லை. அடுத்த தந்தி வந்தது. செட்டியார் இறந்துவிட்டார். ஆச்சி அப்போது பெஞ்சில் உட்கார்ந்து பெட்டிப் பூட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி எங்கள் இருவரையும் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "பாய், இங்க வச்சுச் சொல்ல வேணாம். கடைத்தெரு. கப்பல் ரத்தாயிருச்சுன்னு சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அப்படியே சொல்லிவிடுங்கள் பாய் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "கப்பல் ரத்துன்னு சொன்னா, ஆச்சி வேற கப்பல் கேப்பாக. இருக்குன்னுதான் நான் சொல்லணும். காத்திருக்கவுகளுக்கு முதல்ல சொல்லணும், ராமையா. இப்பக் காத்திருக்கிறது ஆச்சிதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

கடைக் கதவில் பாதியைச் சாத்தினார். பெஞ்சுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஆச்சி, பினாங்குல இருந்து சேதி வந்திருக்கு. செட்டியார் தவறிட்டாக" என்றார். இவ்வளவுதான். சுற்றி வளைக்கவில்லை, குரலை இறக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெட்டிப் பூட்டிலிருந்து கையை எடுக்காமலே ஆச்சி கேட்டார்: "கப்பல்தான் தாமதம், நான் கெளம்பிட்டேன்னு அவுகளுக்குத் தெரியும்ல பாய்?"

"தெரியும் ஆச்சி. வாசிச்சுக் காட்டியிருக்காக."

"அப்ப, நான் வரலைன்னு நெனச்சுக்கிட்டுப் போகல."

"இல்ல ஆச்சி."

ஆச்சி எழுந்தார். தம்பி பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. அத்தனை நாள் கப்பலுக்காக வைத்திருந்த பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினார். கார் கண்டனூர்ப் பாதையில் திரும்பிய பிறகுதான் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பாய் கடைக் கதவை முழுக்கச் சாத்தச் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்தத் தந்தியை அனுப்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். செட்டியார் செத்துத்தான் போயிருப்பார். கப்பல் தாமதமாகத்தான் வந்திருக்கும். ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் அந்தம்மா இன்றைக்கும் அந்தப் பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கிறார், கண்டனூரில் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகளுக்கு நடுவே. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அந்த ஒரு தந்தியால்தான்.

பாய்க்கு ஒரே ஒரு பயண ஆசை இருந்தது. ஹஜ். பல வருஷம் விண்ணப்பம் போட்டார், குலுக்கலில் பெயர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் தட்டச்சு செய்தேன், நான்தான் கோபப்பட்டேன். "கூப்புடுறப்ப போறோம். நீங்க ஏன் மெஷினப் போட்டு இந்தக் குத்துக் குத்துறீக?" என்று சிரிப்பார். இந்த முறை வந்துவிட்டது, அவருக்கும் மனைவி ஜெய்னம்புவுக்கும் சேர்த்து, பம்பாயிலிருந்து கப்பல். காரைக்குடி ரயிலடியில் வழியனுப்ப அப்படியொரு கூட்டம். மாலை கழுத்தை மறைத்தது. வரும்போது ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவாருங்கள், பேரீச்சம்பழம் கொண்டுவாருங்கள், எனக்காக அங்கே தொழுது துவாச் செய்யுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவரையும் விடாமல் சரி சரி என்று தலையாட்டினார். கண்டனூர் ஆச்சிகூட ஆள் அனுப்பியிருந்தார், திரும்பி வந்ததும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று. ரயில் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "பெஞ்ச எடுத்துப்புடாதீக" என்று கத்தினார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பம்பாய் போய்ச் சேர்ந்தபின் அவரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. கப்பல் தாமதம், ஹஜ் பயணிகள் சத்திரமான முசாபர்கானாவில் தங்கியிருக்கிறோம், நலம், மகளிடம் சொல்லவும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் கடைசியில் பெஞ்சில் உட்கார்கிற பக்கம் வந்துவிட்டார் என்று மகளிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த தந்தி வந்தது, முதலில் எழுதினேனே, அது. புறப்பட்ட பயணத்திலிருந்து அவரும் வீடு திரும்பவில்லை. பம்பாய் மண்ணில் அடக்கினார்கள். ஒரு பிடி மண் போட நம் ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை.

ஜெய்னம்புவை இளையான்குடிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கூட்டி வந்து சேர்த்தார். கணவரை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் இத்தா காலம், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். மகள் வீட்டில் திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "பாய் மாதிரிப் பொறுமையான மனுசன நான் பாத்ததே இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஜெய்னம்புவின் குரல் வந்தது. "அந்தப் பேச்ச மட்டும் பேசாதீக ராமையாண்ணே."

அவர் சொன்னார்: "காலையில நெஞ்சப் புடிச்சாக. வேர்த்து ஊத்துச்சு. நான் டாக்டரக் கூப்புடுங்கன்னு கத்துறேன், பாஷ தெரியாத ஊருல யாருகிட்டக் கத்துறது? 'பதறாத ஜெய்னம்பு, முதல்ல உக்காரு'ன்னாக. 'கப்பலே நிக்குது, நமக்கு என்ன அவசரம்'னாக. தண்ணி குடிச்சாக. மகளுக்கு ஒரு தந்தி குடுக்கணும், மேலுக்குச் சரியில்லன்னு சொல்லி வைக்கணும்னாக. பக்கத்துல இருந்தவுக எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

உள்ளே மகள் விசும்புவது கேட்டது. ஜெய்னம்பு அழவில்லை.

"வாரவுக போறவுக எல்லாம் அவுக பொறுமையத்தான் பெருமையாப் பேசுறீக. ஊரு சனத்துக்கெல்லாம் அமைதி சொன்ன மனுசன், தன் உசுருக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பதறியிருந்தா என்னண்ணே?"

பதறியிருந்தாலும் பிழைத்திருப்பாரோ என்னவோ என்று சொல்ல நினைத்தேன். அது எனக்கே தெரியாத விஷயம். நாற்காலியிலிருந்து எழுந்து வந்தேன். இன்றும் யோசித்தால் அவர்மேல் கோபம்தான் வருகிறது. இறந்த மனிதர்மேல் கோபப்படுகிறோமே என்று பிறகு வருத்தமும் வருகிறது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை குறைவு. பெஞ்சை எடுக்கவில்லை. பயணம் கெட்டு வருகிறவர்களை அதில் உட்காரவைத்து, அங்குட்டு யார் காத்திருக்கிறார்கள் என்று நானும் கேட்கிறேன், அவர் அளவுக்குப் பொறுமையாக இல்லாவிட்டாலும். ஜெய்னம்புவின் கேள்வியையும் கூடவே வைத்திருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் தெருவே திரளும்படி கத்துவேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

இனி, எழுத உட்கார்ந்த காரணம். ரயிலடியில் அவரிடம் தண்ணீரும் பழமும் துவாவும் கேட்டவர்கள் பலர். அதையே கேட்டுக் கடல் கடந்த ஊர்களிலிருந்து எழுதியவர்கள் இன்னும் பலர். ஹஜ்ஜுக்குப் போன கப்பல்கள் திரும்புகிற காலம் இது. பாய் எந்தக் கப்பலில் வருகிறார் என்று கேட்டுக் கடைக்கு வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கடிதங்களும் வருகின்றன. கண்டனூர் ஆச்சிக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோருடைய விலாசமும் என்னிடம் இல்லை. காத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம், ஆகையால் சொல்கிறேன். கப்பல் தாமதமில்லை. காதர் பாய் வரமாட்டார். காத்திருக்க வேண்டாம்.